குப்பியுள் பொருளும் கூறுவோர் சொல்லும்

கடைத்தெருவில் ஒரு பொருளை வாங்குகின்றபோது நாம் இயல்பாகவே ஐயத்தோடு நிற்கின்றோம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கின்றோம்; மீனின் செவுளைத் திறந்து பார்க்கின்றோம்; அரிசியை உள்ளங்கையில் இட்டு ஊதிப் பார்க்கின்றோம். கடைக்காரர் அதனைக் குற்றமாகக் கொள்வதில்லை. ஆனால், அதே நாம், நம் தங்கை மகளோ, உடன் பணியாற்றும் ஆசிரியரோ, பள்ளித் தோழரோ ஒரு சத்து மாத்திரைக் குப்பியைக் கொண்டுவந்து வீட்டுக் கூடத்தில் வைத்து, "இதைச் சாப்பிட்டுத்தான் என் மூட்டுவலி தீர்ந்தது" என்று சொல்கின்றபோது, அக்குப்பியைத் திருப்பிப் பார்க்கவும் கூசுகின்றோம். திருப்பிப் பார்த்தால் கொண்டுவந்தவரையே ஐயுற்றதாகிவிடுமே என்னும் கூச்சம் அது. பலநிலைச் சந்தைமுறை என்று எழுத்திலும், எம்.எல்.எம். என்றும் நெட்வொர்க் என்றும் மக்கள் வழக்கிலும் கூறப்பெறும் சங்கிலித்தொடர் வணிகம் இந்தக் கூச்சத்தின் மேல்தான் கட்டப்பெற்றுள்ளது என்பது எம் கருத்து. தமிழ்த்துறை மலரில் மாத்திரையைப் பற்றி என்ன பேச்சு என்று மாணவச் செல்வங்கள் சிலர் நகைக்கக்கூடும். சொல்லையும் பொருளையும் ஆராய்வதே எம் தொழில். ஈண்டும் ஆராயப்படுவன அவ்விரண்டுமே.

எம்மிடம் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகள் சவூதியில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியிருந்தார். திரும்பி வந்தோர்க்கு இங்கே என்ன தொழில் காத்திருக்கின்றது என்பதனை நம் சமுதாயப் பெரியவர்கள் நன்கறிவர். ஒரு கடை வைத்து நட்டப்பட்டார். பிறகு இவ்வணிகத்தில் சேர்ந்தார். ஒரு நாள் மாலை எம் இல்லம் வந்து, "ஐயா, வருகிற ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்திருக்கிறோம். நீங்கள் வந்து இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசினால் போதும். ஊரில் உங்கள் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது" என்றார். நோனிச் சாறு, ஸ்பைருலினா மாத்திரை, மஞ்சள் சாரக் கேப்சூல், மீன் எண்ணெய்க் கேப்சூல் என நான்கினை மேசைமேல் வரிசையாக வைத்தார். சேமிப்பில் எஞ்சிய நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சரக்கு எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னார். அவர் பொய்யர் அல்லர். வகுப்பில் பிறர் விடையைப் பார்த்து எழுதாதவர் என்று யாம் நினைவில் வைத்திருக்கும் மிகச் சிலருள் ஒருவர். பதினைந்து நாள் பொறுக்குமாறு கேட்டு, அந்நான்கு குப்பிகளையும் வாங்கி வைத்துக்கொண்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எம் வாழ்த்தின்றியே நடந்தேறியது.

வேதியியல் துறையில் எம் நண்பர் ஒருவர் உள்ளார். பகலுணவுக்குப்பின் ஆசிரியர் அறையில் இருவரும் அமர்ந்து, உருப்பெருக்காடியின் துணையோடு அச்சீட்டுகளைப் படிக்கலானோம். உருப்பெருக்காடி என்றது மிகையன்று. நிறுவனத்தின் பெயர் நம் கட்டைவிரல் பருமனுக்கு அச்சாகியிருந்தது. உட்பொருள்களின் பட்டியலோ எறும்பின் கால் போல இருந்தது.

முதலில் நோனியை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் புறங்களில் நிற்கும் நுணா மரத்தை அறியாதார் யார்? சங்கப் பாடல்கள் நுணவம் என்று சுட்டும் மரம். இளமையில் அதன் காய்களைப் பறித்து, ஈர்க்குச்சி செருகித் தேர் செய்து உருட்டி விளையாடியிருக்கின்றோம். அதற்கு உடன்பிறப்புப் போன்ற ஓர் இனமே நோனி. பசிபிக் தீவுகளில் விளையும் அப்பழத்தின் சாற்றினை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நிறுவனம் ஒன்று 1996-இல் சங்கிலித்தொடர் முறையில் விற்கத் தொடங்கிற்று. அதன் பின்னர்ப் பல நாடுகளிலும் பல பெயர்களில் அச்சாறு பரவியது. ஐரோப்பாவில் அதனை விற்க இசைவு கேட்டபோது, அங்குள்ள உணவியல் அறிவியற் குழு 2002-இல் தன் கருத்தைத் தெரிவித்தது. பிற பழச்சாறுகளைக் கடந்த தனிப்பட்ட உடல்நலப் பயன் எதற்கும் சான்றில்லை என்பதே அக்கருத்து. பழச்சாறாக விற்க 2003-இல் இசைவும் தரப்பட்டது. 2005-இல் ஆஸ்திரியாவில் இச்சாறு அருந்திய சிலர்க்குக் கல்லீரல் அழற்சி கண்டதாக மருத்துவர்கள் எழுதினர். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு அதனை ஆராய்ந்து, சாறே அதற்குக் காரணம் என்று கொள்ளப் போதிய சான்றில்லை என்று 2006-இல் கூறியது. ஆக, அது நஞ்சும் அன்று, அமுதும் அன்று; விலை மிகுந்த ஒரு பழச்சாறு. எம் மாணவர் தந்த வண்ணத்தாளில் அது எழுபது நோய்களைத் தீர்ப்பதாக அச்சிடப்பெற்றிருந்தது. குப்பியின் மேலிருந்த சீட்டிலோ ஒரு நோயின் பெயரும் இல்லை. இவ்வேறுபாட்டை நண்பர்தாம் முதலில் சுட்டிக் காட்டினார். சட்டம் குப்பியின் மேல் எழுதவொட்டாததை வண்ணத்தாள் சொல்கின்றது. வண்ணத்தாளும் சொல்லத் துணியாததைக் கூடத்தில் அமர்ந்திருக்கும் உறவினர் வாய் சொல்கின்றது.

உட்பொருள்களை எடையில் மிகுந்ததை முதலிலும் குறைந்ததை இறுதியிலுமாக வரிசைப்படுத்தி எழுதவேண்டும் என்பது விதி. இவ்வொன்றை அறிந்துகொண்டாலே பாதிக் கதை விளங்கிவிடும். அக்குப்பியில் முதலில் நின்றது தண்ணீர். அடுத்தது திராட்சைச் சாறு. பெயர் தந்த நோனியோ மூன்றாம் இடத்தில் ஒதுங்கி நின்றது. சில சீட்டுகளில் பத்துப் பன்னிரண்டு மூலிகைகளின் பெயர்களை அடுக்கி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எடையைப் போட்டிருப்பார்கள். 'தனியுரிமைக் கலவை' என்பது அதற்குப் பெயர். அமெரிக்கச் சட்டம் அதற்கு இடம் தருகின்றது. எது எவ்வளவு என்று தெரியாத ஒன்றைப் பயனுடையது என்றோ தீங்கற்றது என்றோ எவரால் கூற முடியும்? மருத்துவராலும் முடியாது, விற்பவராலும் முடியாது.

ஸ்பைருலினா மாத்திரையில் நண்பர் ஒரு கணக்குப் போட்டார். அரை கிராம் மாத்திரை 60. ஆக, குப்பி முழுவதும் 30 கிராம் தூள். நீலப்பசும்பாசியான ஸ்பைருலினாவின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு புரதம் என்பது மெய்யே. அவ்வகையில் குப்பி முழுவதிலும் உள்ள புரதம் 18 கிராம். கோழிமுட்டை ஒன்றில் உள்ளது ஏறத்தாழ 6 கிராம். குப்பியின் விலை 650 ரூபாய். அதில் அடங்கியிருந்தது மூன்று முட்டையின் புரதம்! 'புரதம் மிகுந்த உணவு' என்னும் சொல் பொய்யன்று என்பதைக் கவனிக்க வேண்டும். விழுக்காட்டைச் சொல்லி அளவை மறைக்கின்ற மெய் அது. பி-12 வைட்டமின் மிகுந்துள்ளதாகக் கூறுவதும் அத்தகையதே. பாசியில் இருப்பது பெரும்பாலும் நம் உடல் ஏற்றுக்கொள்ளாத போலி வடிவம்.

மஞ்சளைப் பற்றிக் கூறும்போதுதான் எம்மவர்கள் மிகவும் ஏமாறுகின்றனர். "மஞ்சள்தானே, அடுக்களையில் நாளும் போடுவதுதானே, அது என்ன செய்யும்?" என்பது எல்லார் வாயிலும் வருவது. குழம்பில் இடும் மஞ்சள்தூளில் குர்குமின் என்னும் பொருள் நூற்றுக்கு 3 பங்கு அளவே உள்ளது. கேப்சூலில் இருந்ததோ 95 விழுக்காடு குர்குமினாய்ச் செறிவூட்டிய 500 மில்லிகிராம் சாரம். ஒரு கேப்சூல் ஏறத்தாழ 15 கிராம் மஞ்சள்தூளுக்கு நிகர். நாளுக்கு இரண்டு விழுங்கச் சொல்கின்றார்கள். அத்தோடு மிளகின் சாரமான பைப்பரினும் சேர்க்கப்பட்டிருந்தது. பெங்களூரு செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பைப்பரினோடு சேர்த்துக் கொடுக்கும்போது குர்குமின் குருதியில் சேர்வது 20 மடங்கு கூடியதாகக் கண்டனர். விற்போர் இதனைப் பெருமையாகச் சொல்கின்றனர். பயன் கூடுமானால் தீங்கும் கூடுமன்றோ? அமெரிக்காவில் மருந்தால் விளையும் கல்லீரல் ஊறுகளைப் பதிவு செய்யும் ஆய்வுக் குழுவினர், மஞ்சள் சாரத்தால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி 2022-இல் எழுதினர். அவர்களுள் ஐவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். பல்லாயிரம் பேர் உண்ணும் ஒன்றில் 10 பேர் என்பது சிறு தொகைதான். ஆனால் அடுக்களையில் உள்ளது என்பதனாலேயே குப்பியிலும் அது தீங்கற்றது என்னும் வாதம் அத்தோடு விழுந்துவிடுகின்றது. அளவு மாறினால் பொருளே வேறாகின்றது.

வைட்டமினைப் பற்றியும் ஒரு சொல். மிகுந்தால் சிறுநீரில் போய்விடும் என்பர். பி, சி வகைகளுக்கு அது ஓரளவு பொருந்தும். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே ஆகியவற்றுக்குப் பொருந்தாது; அவை உடலில் தங்கும். கருவுற்ற பெண் வைட்டமின் ஏ-யை மாத்திரை வடிவில் நாளுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் உட்கொண்டால் சிசுவுக்கு ஊறு நேரலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடத்திய ஆய்வொன்றின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த பீட்டா கரோட்டின், அந்நோயை 18 விழுக்காடு கூட்டியிருந்தது. கேரட்டைத் தின்று எவருக்கும் அந்நிலை நேர்ந்ததில்லை.

நிற்க. இவ்வணிகத்தின் பிறப்பைத் தேடிப் படித்தபோது எமக்கொரு வியப்புக் காத்திருந்தது. சங்கிலித்தொடர் வணிகமும் சத்து மாத்திரையும் பின்னாளில் சேர்ந்தவை அல்ல, உடன்பிறந்தவை. கார்ல் ரென்போர்க் என்னும் அமெரிக்கர் கலிபோர்னியாவில் 1930-களில் ஒரு சத்துப்பொருளைத் தயாரித்து விற்றார். அதுவே நியூட்ரிலைட். 1945-இல் மைட்டிங்கர், காசல்பெரி என்னும் இருவர் அதன் விற்பனை உரிமையைப் பெற்று, விற்பவரே புதிய விற்பவரைச் சேர்த்து அவர் விற்பனையிலும் பங்கு பெறும் முறையை வகுத்தனர். அந்தக் கேப்சூலில் இருந்தவை ஆல்பால்பா, வாட்டர்கிரெஸ், பார்ஸ்லி ஆகிய கீரை வகைகளின் சாரமும் செயற்கை வைட்டமின்களும். ஆல்பால்பா என்றதும் மலைக்க வேண்டா. நம் ஊரில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனமாகப் பயிரிடும் குதிரைமசால்தான் அது!

விற்பனையாளர்கள் கேப்சூலோடு ஒரு சிறுநூலையும் கொடுத்துவந்தனர். நோய் நீங்கி நலம் பெறுவது எவ்வாறு என்பது அதன் பொருள். 1948 செப்டம்பர் முதல் டிசம்பர் வரையில் அமெரிக்க அரசு 11 முறை சரக்கைக் கைப்பற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1950-இல் அரசின் கைப்பற்றும் அதிகாரம் உறுதி செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு, எவ்வெவற்றைச் சொல்லி விற்கலாம், எவற்றைச் சொல்லலாகாது என்று நீதிமன்ற ஆணை வரையறுத்தது. அரசு குறை கண்டது கேப்சூலுக்குள் இருந்த பொருளில் அன்று. உடன்வந்த நூலின் சொல்லில். அந்நிறுவனத்தில் 1949-இல் விற்பனையாளராய்ச் சேர்ந்த இரு நண்பர்களே பின்னர் 1959-இல் ஆம்வே நிறுவனத்தைத் தொடங்கினர் என்பது பலரும் அறிந்த செய்தி. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், சட்டத்திற்கும் இவ்வணிகத்திற்கும் இடையிலான வழக்கு அதே இடத்தில்தான் நிற்கின்றது.

எம் மாணவர் சான்றிதழ்கள் சிலவற்றையும் காட்டியிருந்தார். 'எஃப்.டி.ஏ. அங்கீகாரம் பெற்றது' என்று ஒன்றில் இருந்தது. அமெரிக்காவில் 1994-இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி இவ்வகைப் பொருள்கள் சந்தைக்கு வருமுன் அவ்வமைப்பின் ஒப்புதலைப் பெறுவதே இல்லை. இல்லாத ஒன்றினை எவ்வாறு பெற முடியும்? நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2016-இல் வந்த விதிகளும் இவற்றை ஆள்கின்றன. சீட்டில் 14 இலக்க உரிம எண் இருக்கும். அந்த எண் ஒரு நிறுவனம் உணவுத் தொழில் செய்ய இசைவு பெற்றுள்ளது என்பதற்குச் சான்று. மாத்திரை மூட்டுவலியைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றன்று. மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று என்று குப்பியின் மேலேயே எழுதப்பட வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உள்ளது. நான்கு குப்பிகளிலும் அது இருந்தது. எம் மாணவர் ஓராண்டாய் விற்றுவந்தும் அவ்வரியைப் படித்ததில்லை என்றார்.

மீன் எண்ணெய்க் கேப்சூலைப் பற்றி எமக்கு வேறொரு கேள்வி எழுந்தது. எண்ணெய் மீனுடையது, சரி, உறை எதனுடையது? மென்மையான அவ்வுறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆவது. ஜெலட்டின், விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்பெறுவது. மாடாகவும் இருக்கலாம், பன்றியாகவும் இருக்கலாம், மீனாகவும் இருக்கலாம். சீட்டில் உள்ள பழுப்பு முக்கோணக் குறி, விலங்கிலிருந்து பெற்றது உள்ளது என்று மட்டும் கூறும். எந்த விலங்கு, எவ்வாறு அறுக்கப்பட்டது என்று கூறாது. இதனை வினவி நிறுவனத்திற்கு இருமுறை எழுதினோம். அருகிலுள்ள விற்பனையாளரை அணுகுமாறு மறுமொழி வந்தது. அருகிலுள்ள விற்பனையாளர் எம் மாணவரே; அவரோ எம்மிடம் கேட்டுக்கொண்டிருந்தார்! ஹலால் முத்திரை உள்ள குப்பிகளும் விற்கின்றன. அம்முத்திரையை வழங்கியது எவ்வமைப்பு, எந்தத் தொழிற்கூடத்திற்கு, எதுவரை என்று பார்த்துக்கொள்வது நன்று. பார்த்தபின்னும், ஹலாலான பொருள் என்பதனாலேயே அது மருந்தாகிவிடாது. இவ்விரண்டையும் நம்மவர் பலர் ஒன்றாக எண்ணி மயங்குகின்றனர்; அம்மயக்கத்தைக் குறிவைத்தே முத்திரை பெரிதாக அச்சிடப்படுகின்றதோ என்றும் எமக்குத் தோன்றியதுண்டு.

பதினைந்தாம் நாள் மாணவர் வந்தார். கண்டவற்றை ஒளிக்காமல் கூறினோம். நோய்களின் பெயரைச் சொல்லாமல், பழச்சாறு என்றும் பாசி மாத்திரை என்றும் கூறி விற்பதாயின், அடுத்த கூட்டத்திற்கு யாமே வந்து வாழ்த்துவதாகவும் சொன்னோம். அவர் நெடுநேரம் தலைகுனிந்திருந்தார். பிறகு, "நோயைச் சொல்லாமல் விற்றால் யார் ஐயா வாங்குவார்கள்?" என்றார். அவ்வணிகத்தைப் பற்றி இதனினும் நேர்மையான ஒரு தொடரை வேறெவரும் எம்மிடம் கூறியதில்லை. 1,200 ரூபாய்க்கு ஒரு பழச்சாற்றை எவர் வாங்குவார்? அவ்விலையில் மேலே இருக்கும் படிகள்தோறும் பங்கு போகின்றது. அப்பங்குகளைச் சுமக்கும் வலிமை பழச்சாற்றுக்கு இல்லை, நோயச்சத்திற்குத்தான் உண்டு. அவர் சேர்த்த பதினொருவருள் ஒன்பதின்மர் உறவினர். ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்பது அவர்க்குக் கற்பிக்கப்பட்ட பாடம். நண்பர் காகிதத்தின் ஓரத்தில் பெருக்கிக் காட்டினார். பத்தாம் படியை எட்டும்போது சேர்ந்தோர் தொகை 7 கோடியே 25 இலட்சத்தைத் தாண்டுகின்றது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7 கோடியே 21 இலட்சம்தான். சரக்கைத் திருப்பித் தரும் காலக்கெடு கடந்துவிட்டிருந்தது. அவர் சினமின்றியே எழுந்து சென்றார். இன்று ஒரு கைப்பேசிக் கடையில் பணியாற்றுகின்றார். வழியில் கண்டால் வண்டியை நிறுத்தி ஸலாம் சொல்கின்றார். அவருடைய நாற்பதாயிரத்தில் எவ்வளவு மீண்டது என்று கேட்க எமக்கு மனம் வந்ததில்லை.

எம் சாச்சியின் செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். சாச்சிக்கு வயது எழுபதை நெருங்குகின்றது. இருபது ஆண்டுகளாய்ச் சர்க்கரை. அண்மையில் சிறுநீரகமும் தளர்ந்திருந்தது. அவருடைய தங்கை மகளே வேறொரு நிறுவனத்தின் நோனிச் சாற்றைக் கொண்டுவந்து கொடுத்து, "சாறு உள்ளே போகப் போக மாத்திரையை மெல்லக் குறைத்துக்கொள்ளலாம் பெரியம்மா" என்று சொல்லியிருக்கின்றாள். அன்பினால் சொன்னாள் என்பதில் எமக்கு ஐயமில்லை. தன் கைக்காசில்தான் முதற்குப்பியைக் கொடுத்திருந்தாள். சாச்சி காலையில் சாற்றைக் குடித்தார், மாலை மாத்திரையை நிறுத்தினார். இரண்டு திங்கள் கழித்துக் குருதி ஆய்வில் சர்க்கரை கட்டுமீறி இருந்தது. மருத்துவர் குப்பியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். அவர் தேடியது பொட்டாசியத்தின் அளவை. சிறுநீரகம் தளர்ந்தோர்க்கு இளநீரும் வாழைப்பழமும் விலக்கப்படுவது அதனால்தான். நோனிச் சாற்றில் ஆரஞ்சு, தக்காளிச் சாறுகளுக்கு ஈடான பொட்டாசியம் உண்டென்று, சிறுநீரக நோயாளி ஒருவரை முன்னிட்டு அமெரிக்க மருத்துவர்கள் 2000-இல் எழுதியுள்ளனர். லிட்டருக்கு ஏறத்தாழ 2.2 கிராம். நாளுக்கு 60 மில்லிலிட்டர் என்றால் அது சிறிய அளவே. அன்பு மிகுந்து மும்மடங்கு கொடுப்போர் வீட்டில் அது சிறிய அளவன்று. சாச்சியின் குப்பியில் பொட்டாசியத்தைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. சாறு அவர்க்குத் தீங்கு செய்ததாக மருத்துவர் கூறவில்லை. நிறுத்திய மாத்திரைதான் தீங்கு செய்தது என்றார். அம்மாத்திரையை நிறுத்தியது சாறன்று, ஒரு சொல்.

இதேபோன்று, இதய வால்வு மாற்றிக்கொண்டு குருதி உறையாதிருக்க மாத்திரை உண்போர், குதிரைமசால் முதலிய கீரைச் சாரங்களை மருத்துவர் அறியாமல் உண்பது பெருந்தீங்கு. அவற்றிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வினையை முறிக்கும். உடல் இளைக்க என்று விற்கப்படும் தூள்களில், 2010-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பெற்று 2011-இல் நம் நாட்டிலும் தடைசெய்யப்பட்ட சிபுட்ரமைன் கள்ளத்தனமாகக் கலந்திருந்தது வெளிநாட்டு ஆய்வுகளில் பன்முறை பிடிபட்டுள்ளது. கலப்படத்தைச் சீட்டு சொல்லாது. பத்து நாளில் பசி அடியோடு அடங்கிப் படபடப்பும் கண்டால் அத்தூளை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மண்டபம் கேட்டு வருவோர்க்கு என்ன விடை சொல்வது என்று ஜமாஅத் பெரியவர் ஒருவர் எம்மை வினவினார். பணச்சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கின்றது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, விற்பனையாளர் அடையாள அட்டையின்றியும் முன் இசைவின்றியும் ஒருவர் வீட்டுக்கு வரலாகாது. சர்க்கரை நோய், புற்றுநோய் முதலியவற்றைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்குகின்றது. அச்சட்டத்தில் வாய்மொழியாக அறிவிப்பதும் விளம்பரமே என்பதைப் பெரியவரிடம் எடுத்துக் காட்டினோம். நோயின் பெயரை எடுப்பதில்லை என்று எழுதித் தந்தால் மண்டபம் தரலாம் என்று அவர்கள் முடிவு செய்தனர். அதன்பின் எவரும் கேட்டு வரவில்லை என்று அறிகின்றோம்.

சாச்சி இப்போது மருத்துவமனைக்குச் செல்லும்போதெல்லாம் மஞ்சள் பை ஒன்றில் வீட்டிலுள்ள குப்பிகள், பொட்டலங்கள், பேரன் வாங்கித் தந்த தூள் டப்பா என அனைத்தையும் எடுத்துச் சென்று மருத்துவர் மேசைமேல் பரப்பிவிடுகின்றார். தங்கை மகளும் உடன் செல்கின்றாள். சென்ற முறை மருத்துவர் அவற்றுள் மூன்றை ஒதுக்கி வைத்தார்; ஒன்றை மட்டும் தொடரச் சொன்னார். அது மருந்துக் கடையில் வாங்கிய வைட்டமின் டி மாத்திரை. கிழமைக்கு ஒன்று, எட்டுக் கிழமைக்கு மட்டும்.